ஒரே பந்தல், இரண்டு தாலி

பன்னிரண்டு வயதில் என் கல்யாணச் செலவை என் கையாலேயே எழுதியவள் நான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்துக் கூட்டி, கூட்டல் சரிதானா என்று இரண்டு தரம் பார்த்தும் கொடுத்தேன். அது என் கல்யாணமும்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

என் வயதுக்காரர்களே, இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குக் கண்புரை எடுத்திருப்பார்கள். மீதிப் பேருக்கு முழங்கால் போயிருக்கும். நாம் நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்: "நம்ம காலத்துல வீட்டு வாசல்ல பந்தல் போட்டு எவ்வளவு சுளுவா முடிச்சாங்க!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுளுவாகத்தான் முடித்தார்கள். எவ்வளவு சுளுவாக என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் பூம்பாறை. அந்த வருடம் மாசி அறுவடையில் பூண்டு நன்றாக விளைந்திருந்தது. வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டி, பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தோம். புகை பட்டால்தான் அது கெடாமல் நிற்கும். நாங்களும் அந்தப் புகையில்தான் இருந்தோம். என் பாவாடை, தலைமுடி, பள்ளிப் புத்தகம் எல்லாவற்றிலும் பூண்டு வாடை. அந்தப் பூண்டு விலைக்குப் போனதும் அக்காவுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை கீழே பாலசமுத்திரத்துக்காரர். நெல்லும் கிணறும் உள்ள வீடு. அக்காவுக்கு வயது பதினெட்டு. அதுவே ஊரில் அதிகம் என்று பேச்சு.

அப்பாவுக்கு எழுத வராது. ஆனால் அணாக் கணக்கில் அவரை ஒருவரும் ஏமாற்ற முடியாது. நயா பைசா வந்ததும்தான் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்தது. "ஓரணாவுக்கு ஆறேகால் பைசான்னா, அந்தக் கால் பைசாவ எவன் எடுத்துக்கிடுறான்?" என்று யாரைப் பார்த்தாலும் சண்டைக்குப் போவார். நான் ஐந்தாவது முடிக்கப் போகிறேன், வகுப்பில் கணக்கில் முதல். அதனால் கல்யாணச் செலவு எழுதும் சோலி என்னிடம் வந்தது. சித்தப்பா மகளும் என் வகுப்புத்தான். என்னைவிட மூன்று மாதம் இளையவள். பக்கத்து வீடு. அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பத்து தாண்டியதும் சலித்துப்போய் என் சிலேட்டைப் பார்த்து எழுதிவிடுவாள். நானும் தாராளமாகக் காட்டுவேன்.

எனக்கு ஒரு பென்சில் வாங்கித் தந்தார்கள். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழும், அழிக்க முடியாது. இப்போது அந்தப் பென்சிலை எங்கேயும் காணோம். அதைக் கையில் பிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வாசல் வெயிலில் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சொல்வார், நான் நாக்கு ஊதாவாகும்வரை எழுதுவேன்.

"அரிசி மூணு மூட்டை, போடு."

"நாலு போடச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து அம்மா. "கீழ இருந்து வர்றவுக இந்தக் குளிருக்கு ரெண்டு மடங்கு திம்பாக."

"குளிருல வவுறு சுருங்கும் புள்ள. மூணு போடு தாயி."

மேளம் பழனியிலிருந்து வேண்டாம், ஏறி இறங்க மூன்று நாள் கூலி கேட்பான், கொடைக்கானல் மேளகாரர் போதும். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வருவதென்றால் வத்தலக்குண்டு சுற்றி வர வேண்டும், சத்தம், அதாவது பஸ் கட்டணம், அதிகம். நடந்தால் பேத்துப்பாறை வழியாக ஒரு பகல். அப்பா இதற்கும் வழி கண்டுபிடித்தார். நான் எழுதினேன்: 'பஸ் சத்தம், கிழவர்கள் ஏழு பேருக்கு மட்டும்.' அம்மா அக்காவுக்குக் கொடுத்தனுப்ப ஒரு கம்பளி கேட்டாள். "அடிச்சிரு. பாலசமுத்திரத்து வெக்கையில கம்பளியப் போத்திக்கிட்டு வேகவா?" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பாக வந்தது. சிக்கனத்தில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாள் குறிக்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள். பெரிய உடம்பு, கெண்டைக்கால் வீக்கம். வாசற்படி ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்காமல் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"சின்னதுக்கு என்ன வயசாவுது?"

"ஆவணி வந்தா பன்னெண்டு முடியுதுங்க" என்றாள் அம்மா.

"கையப் பாரு, நல்லா வேலை செய்யிற கை" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்கள். அன்று ரொம்ப நேரம் பெரியவர்கள் தோட்டத்துப் பக்கம் நின்று பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளனே அப்பா என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "பழசக் கிழிச்சுப் போடு. புதுசா எழுது தாயி" என்றார். எழுதினேன்.

"பந்தல் ஒண்ணு. மேளம் ஒண்ணு. ஐயருக்கு ஒரே தட்சிணை. சாப்பாடு ஒரே சாப்பாடு, அரிசி மட்டும் மூணரை மூட்டையாப் போடு. தாலி ரெண்டு. கூறைச்சேலை ரெண்டு. மாலை ரெண்டு சோடி."

கூட்டிக் காட்டினேன். "இதையே தனித்தனியா ரெண்டு கல்யாணமாப் பண்ணுனா என்ன ஆவும்?" என்று கேட்டார். போட்டுப் பார்த்து, இருநூற்று இருபது ரூபாய் மிச்சம் என்றேன். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கல்யாணத்தைப் பண்ணிப் பாருன்னு சும்மாவா சொன்னான்? பண்ணிக் காட்டுறேன் பாரு, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"ரெண்டாவது தாலி யாருக்குப்பா?"

"உனக்குத்தான். மாப்பிள்ளை தம்பி ஒருத்தன் இருக்கான்ல? அக்காளுக்கு அண்ணன், உனக்குத் தம்பி. தாலிய மட்டும் கட்டி வச்சிட்டு, ரெண்டு வருசம் கழிச்சு அனுப்பினாப் போதும்னு அந்தம்மா சொல்லிருச்சு. தேங்கா எத்தனன்னு போட்ட?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்றைக்கும் அந்த அதிர்ச்சியைச் சரியாகச் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். கல்யாணம் என்றால் என்னவென்று தெரிந்து அதிர்ந்தேன் என்றால் அது பொய். தேங்காய்க்கு மேலே, 'தாலி ரெண்டு' என்ற வரியில் நான் இருந்தேன், அதுதான். அந்த வரியை அழகாக, ஊதா எழுத்தில், கொம்பும் காலும் பிசகாமல் எழுதியவளும் நான்தான். தேங்காய் நாற்பது என்று சொன்னேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அடுப்படிக்கு ஓடினேன். எங்கள் வாத்தியார், ஆனி மாதம் என்னைக் கொடைக்கானல் மிஷன் பள்ளியில் ஆறாவது சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அங்கேயே தங்கிப் படிக்கலாம், சாப்பாடும் அவர்களே போடுவார்கள். அப்பாவும் செலவில்லை என்றதும் சரி என்று தலையாட்டியிருந்தார். அதைச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். அம்மா அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்குப் பதிமூணுல ஆச்சு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வாத்தியாரு சொன்னாரும்மா, பதினஞ்சு வயசுக்கு முன்னால கட்டி வச்சா போலீசு புடிக்கும்னு."

அப்பா வாசலிலிருந்தே பதில் சொன்னார்: "போலீசு பூம்பாறைக்கு ஏறி வாறதுக்குள்ள நீ பிள்ளையே பெத்திருவ."

அக்காவிடம் போனேன். அவளாவது பதறுவாள் என்று நினைத்தேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "முன்ன பின்ன தெரியாத ஊர்ல தனியாக் கெடக்கணுமேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்டி. நீயும் வந்தா எனக்குத் துணையாச்சு." அவள் நல்லவள். இப்போதும் சொல்கிறேன், ரொம்ப நல்லவள். அந்த வீட்டில் எனக்கு வேண்டாதவர் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒரு வாரம் போயிற்று. நான் சாப்பிட்டேன், தூங்கினேன், தண்ணீர் சுமந்தேன். சித்தப்பா மகளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள். "நெசமாவா? உனக்குப் பட்டுச் சேலையாடி?" என்றாள். அவளுக்குப் பொறாமை. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறகு அப்பா மொய் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு எழுதினோமோ, நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் அதற்குக் குறையாமல் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மானம் போகும். அப்பா பதினைந்து வருடமாக மலையிலும் அடிவாரத்திலும் எழுதி வைத்த மொய் அத்தனையும் அந்த நோட்டில் இருந்தது. அதைக் கூட்டிச் சொல்ல வேண்டும், பந்தலில் எவ்வளவு திரும்பி வரும் என்று பார்த்துத்தான் கடன் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு.

கூட்டினேன். நானூற்றுப் பத்து ரூபாய் வந்தது. பக்கத்தைத் திருப்பும்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஒருவர் ஒரு பந்தலுக்கு ஒரு மொய்தான் எழுதுவார். அந்தப் பந்தலில் பெண் ஒன்றா இரண்டா என்று அவருக்கு என்ன கவலை? எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. காதுகுத்து எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவுக்கு மொய் வர இருக்கிற விசேஷம் இரண்டே இரண்டு, அக்கா கல்யாணமும் என் கல்யாணமும். இரண்டையும் ஒரே பந்தலில் முடித்தால் ஒரு மொய் முழுசாகப் போய்விடும்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பாவும் சித்தப்பாவும் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வீட்டுப் பூண்டும் எங்களுடையதும் சேர்ந்துதான் சந்தைக்குப் போகும்.

"அப்பா, ஒரே பந்தல்னா மிச்சம் இருநூத்தி இருவது. ஆனா எனக்கு வரவேண்டிய மொய் வராதே. நட்டம் நானூத்திப் பத்துல்ல?"

அப்பா கையிலிருந்த பூண்டைக் கீழே போட்டார். ஒரு தரம் சித்தப்பாவைப் பார்த்தார், ஒரு தரம் என்னைப் பார்த்தார். உதட்டை அசைத்து அணாவில் கணக்குப் போட்டார். பிறகு என்னை இழுத்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

"கேட்டியாலே தம்பி? நமக்குத் தோணுச்சா இது? இவ மட்டும் ஆம்பளையாப் பொறந்திருந்தா கலெக்டரு."

"அப்ப என் கல்யாணம்?"

"கெடக்கட்டும் தாயி, அது ஆறேழு வருசம் கெடக்கட்டும். நீ பள்ளிக்கொடத்துக்குப் போ."

நான் குதித்தேன். என் கண்ணீருக்கு அசையாத அப்பா, அம்மா அழுதிருந்தாலும் அசைந்திருக்காத அப்பா, நானூற்றுப் பத்து ரூபாய்க்கு அசைந்துவிட்டார். அன்று எனக்கு அது அவமானமாகவே படவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற ஒரே நினைப்பு.

சித்தப்பா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். சாந்தமான மனிதர். அப்பா பேச்சைத் தட்டாதவர்.

"அண்ணே, அந்தம்மா ரெண்டு மகனுக்கும் ஒண்ணா முடிக்கணும்னு நிக்கிது. இப்ப ஒண்ணு இல்லைன்னா, பெரியவன் சம்பந்தமும் தள்ளிப் போவும்."

"அதுக்கு என்னலே பண்ண?"

"நாம பாகம் பிரிஞ்சு ஏழு வருசமாச்சு. என் மொய் நோட்டு தனி. எம்மவளுக்குன்னா, ஒரே பந்தல்ல ரெண்டு மொய்த் தட்டு வைக்கலாம். ரெண்டு வீட்டுக்கும் எழுதித்தான் ஆவணும். செலவுல பாதி நான் தந்துர்றேன். உனக்கும் மிச்சம், எனக்கும் மிச்சம்."

அப்பா கீழே போட்ட பூண்டைக் கையில் எடுத்தார். "மூணு மாசந்தான எளையவ" என்றார்.

"மூணு மாசந்தான்."

"எழுது தாயி" என்றார் அப்பா.

இங்கேதான் நான் நிற்கிறேன். அறுபது வருடத்துக்கு மேலாக இதே இடத்தில் நிற்கிறேன். நான் சின்னப்பிள்ளை, எனக்கு விவரம் தெரியாது என்று உங்களில் யாராவது சொல்வீர்கள். தெரியும். ஒரு வாரமாக எனக்கு எது நெஞ்சை அடைத்ததோ, அது அப்படியே எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாயைத் திறந்தால், 'சரி, அப்ப நீயே உக்காரு' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். பென்சிலை நாக்கில் தொட்டேன். அவள் பெயரை எழுதினேன். தாலி, கூறைச்சேலை, மாலை, எல்லாவற்றிலும் பாதி சித்தப்பா கணக்கு என்று கோடு போட்டுப் பிரித்தேன். கூட்டல் ஒரே தரத்தில் சரியாக வந்தது.

அன்று சித்தி அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் சித்தப்பா ஏதோ சொன்னார், சித்தி எழுந்து வந்து எங்கள் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து முறுக்குக்கு மாவு இடித்தாள். என்னைப் பார்த்தாள். யாரும் அவளிடம் மொய்க் கணக்கு என் யோசனை என்று சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் பார்த்தாள். அம்மா அன்று எனக்கு மட்டும் தனியாக ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

நான் ஆனி மாதம் கொடைக்கானல் போனேன், படித்தேன், ஒரு கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றேன். எனக்குக் கல்யாணம் இருபத்தாறு வயதில். அப்பா அதையும் வீட்டு வாசலில்தான் செய்தார், மொய் நன்றாக வந்தது. சித்தப்பா மகள் இரண்டு வருடம் கழித்துப் புருஷன் வீட்டுக்குப் போவாள் என்று சொன்னது ஒன்பது மாதத்தில் முடிந்தது. மாமியார் கால் வீக்கம் அதிகமாகிவிட்டது, ஆள் வேண்டும் என்றார்கள். பதினேழு வயதுக்குள் மூன்று பிள்ளை பெற்று ஒன்றைப் புதைத்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் புருஷனோடு ஒரு மாட்டுக் கடனுக்காக எங்கள் வங்கிக்கு வந்தாள். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினேன். அவள் இடது கைப் பெருவிரலை நீட்டினாள். ஐந்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவள். "மறந்துபோச்சுடி" என்று சிரித்தாள். அந்த விரலைப் பிடித்து மையில் அழுத்தியது நான்.

அக்காவுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்த அன்று பந்தல் வாசலில் சொன்னபடியே இரண்டு தட்டு வைத்தார்கள். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டிலும் போட்டார்கள். மூடுபனி கலையவில்லை. கீழேயிருந்து நடந்து வந்த வாலிபர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையைச் சுற்றி நின்றார்கள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா என்னை உள்ளே அனுப்பினாள், பெண்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டு வர. அக்கா தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் சித்தப்பா மகள். கூறைச்சேலை அவளுக்குப் பெரிதாக இருந்ததால் இடுப்பில் ஒரு மூட்டையாகச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். மாலை முழங்காலைத் தாண்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவள் முகமும் வாடியது. பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"ஏண்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? உனக்கு இல்லாமப் போயி எனக்கு வந்துருச்சுன்னுதான?"

நான் பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்தேன்.

"அழுவாதடி. நான் பெரியப்பாகிட்டச் சொல்றேன். அடுத்த வருசம் உனக்கும் கட்டி வைப்பாக."

சொல்லிவிட்டு, மணப்பெண்ணுக்கென்று கொடுத்திருந்த கற்கண்டில் ஒன்றை யாரும் பார்க்காமல் எடுத்து என் கையில் வைத்து மூடினாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து தின்றும்விட்டேன்.